நாற்பத்தைந்து வயதில் திறந்த கணக்கு நோட்டு

2019-இல் ஒருநாள் அம்மாவை ஓய்வூதியர் நேர்காணலுக்காகக் கருவூலத்துக்குக் கூட்டிப் போனேன். அப்பா அரசு ஊழியராக இருந்தவர். அவர் போனபின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஆதார் அட்டையோடு போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். வேலை முடிந்து வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் அம்மா சுருக்குப் பையை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய் நோட்டை என் கையில் வைத்தார். "புள்ளைகளுக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போ கண்ணு" என்றார்.

அம்மா பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை. ஆனால் எழுபது வயதில் யாரிடமும் கேட்காமல் பேரப்பிள்ளைகளுக்குக் காசு கொடுக்க அவரால் முடிந்தது. இருபது வருடமாக வேலைக்குப் போகும் எனக்கு அந்த வயதில் அப்படிக் கொடுக்க முடியுமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். முடியாது என்றுதான் தோன்றியது. வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது.

நான் கோவையில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்காரர் கணபதி பகுதியில் வாடகை ஷெட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். பம்பு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பார். அப்போது எனக்கு 45, அவருக்கு 48. மகள் பதினொன்றாம் வகுப்பை முடித்திருந்தாள், மகன் ஏழாம் வகுப்பை.

அன்று இரவு மகனின் பழைய கோடு போட்ட நோட்டில் எங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதினேன். என் பி.எஃப். கணக்கில், அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் வருங்கால வைப்பு நிதியில், 3,10,000. மூன்று ஆயுள் காப்பீட்டு பாலிசிகள். 38 பவுன் நகை. ஓடிக்கொண்டிருந்த ஒரு ஏலச்சீட்டு. வீடு சொந்தம், ஆனால் கடன் இன்னும் எட்டு வருடம் பாக்கி. வீட்டுக்காரர் பெயரில் ஓய்வுக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை.

இருபது வருடம் வேலை பார்த்தவளின் பி.எஃப். ஏன் மூன்று லட்சமாக இருக்கிறது? அதற்கு 2008-க்குப் போக வேண்டும். அந்த வருடம் பள்ளி மாறினேன். பழைய பள்ளியில் ஒன்பது வருடத்தில் சேர்ந்த பி.எஃப். 1,12,000. நாத்தனார் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. புதுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் நன்றாக நடந்தது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அந்தப் பணத்தைத் தொடாமல் புதுக் கணக்குக்கு மாற்றி, வட்டியை எட்டு சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால்கூட, எனக்கு 58 வயதாகும்போது ஏழு லட்சம் ஆகியிருக்கும்.

அதோடு போகவில்லை. பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பகுதியையும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்திருந்தேன். அதனால் அந்த ஒன்பது வருடச் சேவையும் கணக்கிலிருந்து போய்விட்டது. பி.எஃப். பென்ஷன் கணக்கு இப்படி: கடைசி அறுபது மாதச் சராசரிச் சம்பளத்தை (உச்சவரம்பு 15,000 ரூபாய்) சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்கு முந்தைய வருடங்களுக்கு உச்சவரம்பு 6,500 தான். இருபது வருடச் சேவைக்கு மேல் இருந்தால் இரண்டு வருடம் கூடுதலாகச் சேரும். என் கணக்கில் 58 வயதில் மாதம் 4,800 ரூபாய் சொச்சம் வரும். அந்த ஒன்பது வருடத்தை விட்டுவைத்திருந்தால் மாதம் 800 ரூபாய்க்கு மேல் கூட வந்திருக்கும். ஆயுள் முழுக்க. வேலை மாறும் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பி.எஃப்.ஐ எடுக்காதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று மாதம் செலவை எழுதினோம். பால், காய், கேஸ், பெட்ரோல், மருந்து, மொய், எல்லாம். பிள்ளைகள் படிப்பையும் வீட்டுக் கடனையும் கழித்தால் எங்கள் இருவருக்கு மாதம் 22,000 ஆனது. விலைவாசி வருடம் ஆறு சதவீதம் ஏறினால் 15 வருடத்தில் அது 53,000-ஐ ஒட்டி வரும். அதற்கு எவ்வளவு சேர்த்திருக்க வேண்டும் என்று செல்போனில் கணக்குப் போட்டால் ஒன்றரைக் கோடிக்கு மேல் காட்டியது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். நோட்டை மூடி பீரோவில் வைத்தவள் நான்கு மாதம் அதைத் தொடவில்லை.

எங்களைப் போன்றவர்கள் பாதிப்பேர் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எண் பெரிதாக இருப்பதால் எதுவுமே செய்யாமல் இருந்துவிடுகிறோம். எனக்கு உதவியது வேறு மாதிரிக் கணக்கு. 22,000-இல் இல்லாமல் முடியாதது எது என்று தனியே பிரித்தேன். அரிசி, பருப்பு, பால், கரண்ட், கேஸ், மருந்து, வீட்டு வரி. அது 13,000 ஆனது. 2034-இல் 31,000 ஆகும். அதில் 4,800 என் பென்ஷனிலிருந்து வந்துவிடும். மாடி போர்ஷனில் பட்டறையின் பழைய வார்ப்புகளையும் தட்டுமுட்டுச் சாமானையும் போட்டு வைத்திருந்தோம். அதைக் காலி செய்து வெள்ளையடித்து வாடகைக்கு விட்டோம். முதல் வாடகை 6,500. அடிப்படைச் செலவில் மிச்சம் அடைக்க வேண்டியது மாதம் இருபதாயிரத்தை ஒட்டிய தொகை. இந்த எண்ணைப் பார்த்தபோது வீட்டுக்காரர் எழுந்து போகவில்லை. "இது முடியும்போல இருக்கே" என்றார்.

அந்த இருபதாயிரத்துக்கு என்ன வேண்டும் என்பதும் பிறகு தெளிவானது. அறுபது வயதானவர்களுக்கு அஞ்சலகத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 15 லட்சமாக இருந்த அதன் வரம்பை 2023 ஏப்ரலில் 30 லட்சமாக உயர்த்தினார்கள். 8.2 சதவீத வட்டியில் 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், அதாவது மாதம் 20,500. நாங்கள் அறுபதைத் தொடும்போது வட்டி இதேபோல் இருக்க வேண்டும் என்பதில்லை. விலைவாசி ஏறும், அந்த வட்டி கூடவே ஏறாது என்பதும் உண்மை. ஆனாலும் ஒன்றரைக் கோடி என்று மலைத்து நிற்பதைவிட, முதல் 30 லட்சம், அப்புறம் மேலே என்று போவது எங்களுக்குக் கைகூடியது.

இனி செய்தவை. என் பள்ளியில் பிடிக்கும் பி.எஃப். போக, விருப்பப்பட்டு மாதம் 5,000 கூடுதலாகப் பிடிக்கச் சொன்னேன். வி.பி.எஃப். என்பார்கள். அதற்கும் பி.எஃப். வட்டியேதான், கடைசியாக அறிந்தபடி 8.25 சதவீதம். பள்ளி அலுவலகத்தில் அப்படி ஒன்று கேட்டது நான்தான் முதல் ஆள். மூன்று முறை எழுதிக் கொடுத்த பிறகு பிடிக்க ஆரம்பித்தார்கள். சம்பளம் கைக்கு வருமுன்பே போய்விடுவதால் இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

வீட்டுக்காரருக்கு இந்த வழி ஒத்துவராது. பட்டறைப் பணம் மாதச் சம்பளம்போல வராது. பில் கொடுத்து அறுபது நாள், தொண்ணூறு நாள் கழித்துத்தான் செக் வரும். முதலில் மாதத் தவணை ஒன்றில் சேர்த்துவிட்டு, கணக்கில் பணமில்லாமல் இரண்டு முறை திரும்பி, வங்கிக்கு அபராதம் கட்டினோம். பிறகுதான் அஞ்சலகத்தில் பி.பி.எஃப். கணக்கு தொடங்கினோம். சம்பளக்காரர் அல்லாதவர்களும் சேரக்கூடிய பொது வருங்கால வைப்பு நிதி அது. வருடத்துக்கு 500 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும், 1,50,000 வரை போடலாம், எப்போது கையில் வருகிறதோ அப்போது போடலாம். 15 வருடக் கணக்கு, 7.1 சதவீதம். வரும் ஒவ்வொரு பில் தொகையிலும் பத்தில் ஒரு பங்கு அதற்கு என்று வைத்தோம். நூறு ரூபாய் வந்தால் பத்து. நல்ல வருடத்தில் 90,000 போட்டிருக்கிறார், மோசமான வருடத்தில் 30,000. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு மாதத் தொகையைவிடப் பங்குக் கணக்கே பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டமான அடல் பென்ஷன் யோஜனாவில் அவரைச் சேர்க்கலாமா என்றும் வங்கியில் கேட்டேன். நாற்பது வயதுக்குள் சேர வேண்டுமாம். முப்பதுகளில் இருக்கும் பட்டறைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கவனித்துக்கொள்ளுங்கள்.

பாலிசி விஷயம் சங்கடமானது. மூன்றையும் வீட்டுக்காரரின் சித்தப்பாவிடம்தான் போட்டிருந்தோம். வருடம் 38,000 கட்டினோம். வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆனால் மூன்றும் சேர்ந்து நான்கு லட்சம்தான் வரும். முதிர்வுக்கு இரண்டு வருடமே பாக்கியிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் இனிமேல் கட்டாமல் பெய்ட்-அப் ஆக்கிவிட முடிவு செய்தோம். கட்டிய வரைக்குமான தொகை கடைசியில் வரும், உடனே சரண்டர் செய்தால் நஷ்டம் அதிகம். சித்தப்பா வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன். "என்ன அம்மிணி, மாமன் மேல நம்பிக்கை போயிருச்சா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்லீங்க மாமா, எங்க வயசு போயிட்டிருக்குதுங்க" என்று நோட்டைக் காட்டினேன். ஒரு மாதம் அவர் பேசவில்லை. பிறகு சரியாகிவிட்டது. மிச்சமான பணத்தில் வீட்டுக்காரருக்கு, உயிருக்கு ஏதாவது ஆனால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசியும், குடும்பத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடும் எடுத்தோம்.

அந்த மருத்துவக் காப்பீடு இல்லாவிட்டால் மற்ற எல்லாச் சேமிப்பும் ஒரே ஆபரேஷனில் கரைந்திருக்கும். அவருக்குச் சர்க்கரை இருந்ததை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதினோம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அப்போது நான்கு வருடம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, 2024-இல் அதை மூன்று வருடமாகக் குறைத்தார்கள். குடலிறக்கம் போன்றவற்றுக்கு எங்கள் பாலிசியில் இரண்டு வருடக் காத்திருப்பு. 2022-இல் அவருக்கு அதே குடலிறக்க ஆபரேஷன் வந்தது. இரண்டு வருடம் தாண்டியிருந்ததால் காப்பீட்டிலேயே முடிந்தது. ஐம்பது வயதுக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளியிருந்தால் அந்தக் காத்திருப்பும் தள்ளிப் போயிருக்கும். பிரீமியம் வருடா வருடம் ஏறுகிறது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டதில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

2020 ஜனவரியில், பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 5,000 போடும் எஸ்.ஐ.பி. தொடங்கினேன். மார்ச்சில் ஊரடங்கு. 12,000-க்கு மேல் இருந்த நிஃப்டி எட்டாயிரத்துக்குக் கீழே போனது. பட்டறை பூட்டிக் கிடந்தது, பள்ளியில் பாதிச் சம்பளம். ஐந்து மாதம் எஸ்.ஐ.பி.யை நிறுத்தினேன். பயந்து நிறுத்தவில்லை, கையில் பணமே இல்லை. ஆனால் இருந்த யூனிட்டுகளை விற்கவில்லை, பி.எஃப். முன்பணமும் எடுக்கவில்லை. எட்டுப் பவுனை அடகு வைத்துச் சமாளித்து, அடுத்த வருடம் மீட்டோம். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. எங்களிடம் இப்போது நான்கு மாதத்துக்கு இருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது மகள் படிப்பு. அவள் பிளஸ் டூ முடித்ததும் ஊரில் பெயர்பெற்ற ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்பட்டாள். நான்கு வருடத்துக்கு ஹாஸ்டலோடு பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். பழைய நானாக இருந்தால் பி.எஃப்.ஐயும் நகையையும் ஒன்றாகப் புரட்டிக் கட்டியிருப்பேன். என் தோழிகள் பலர் அப்படித்தான் செய்தார்கள். அன்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நோட்டைக் காட்டினேன். அவள் ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். "உங்களுக்குன்னு இவ்வளவுதான் இருக்கா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் பணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசியதே அதுதான் முதல் தடவை.

கலந்தாய்வில் கிடைத்த கல்லூரியில் சேர்ந்தாள். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வந்தாள். கட்டணத்துக்கு நான்கு லட்சம் கல்விக் கடன். அந்தத் தொகை வரைக்கும் வங்கி அடமானம் கேட்கவில்லை, கட்ட ஆரம்பிப்பதும் படிப்பு முடிந்த பிறகுதான். "பொம்பளைப் புள்ள தலையில கடனைக் கட்டி விடறீங்களா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டார். எனக்கு வலித்தது. ஆனால் படிக்கிற பிள்ளை வங்கிக்குப் போனால் விண்ணப்பம் கொடுக்கிறார்கள். எழுபது வயதில் நான் மருந்து வாங்கக் கடன் கேட்டால் யார் கொடுப்பார்கள்? அன்றைக்கு அவள் கையைத்தான் எதிர்பார்த்து நிற்பேன். அந்தச் சுமை நான்கு லட்சத்தைவிடப் பெரியது. மகள் இப்போது வேலைக்குப் போய் அந்தக் கடனை அவளே கட்டி வருகிறாள். மகனும் அதே வழியில்தான் படிக்கிறான்.

நகையிலும் முடிவெடுத்தோம். மகளுக்கு 20 பவுன், மிச்சம் என்னிடமே இருக்கும். சீர், மொய் எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு வைத்தோம். முதல் இரண்டு விசேஷங்களில் முகம் சுளித்தார்கள். மூன்றாவதில் பழகிவிட்டார்கள்.

ஒரு தவறை எழுதாமல் விட மனமில்லை. 2021 கடைசியில் பட்டறைக்கு வரும் ஒருவர் மூலம் வீட்டுக்காரர் ஒரு நிதி நிறுவனத்தில் ஒன்றரை லட்சம் போட்டார். லட்சத்துக்கு மாதம் 8,000 வட்டி என்று ஆசை காட்டினார்கள். என்னிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் பணம் வந்தது. நான்காவது மாதம் அலுவலகமே பூட்டிக் கிடந்தது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம், இன்னும் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. அவர் பேராசைக்காரர் இல்லை. பீடி, சிகரெட் கிடையாது, வேட்டி கிழிந்தால் தைத்துக் கட்டுகிற மனிதர். "சீக்கிரம் எட்டிப் பிடிக்கலாம்னு நெனச்சேன்" என்றார். பின்தங்கிவிட்டோம் என்ற பதைப்பில் இருப்பவர்களைத்தான் இந்த ஆட்கள் தேடிப் பிடிக்கிறார்கள். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து கையெழுத்திடாமல் எங்கும் பணம் போடுவதில்லை. அரசாங்கமே எட்டு சதவீதம் தரும்போது மாதத்துக்கு எட்டு சதவீதம் ஒருவரால் எப்படிக் கொடுக்க முடியும் என்ற ஒரு கேள்வி அன்று போதுமாயிருந்திருக்கும்.

இன்னொன்று, காகிதம். என் பி.எஃப். கணக்கில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரரின் இனிஷியல். இரண்டும் ஒத்துப்போகாததால் நாமினி பெயரைக்கூட ஆன்லைனில் பதிய முடியவில்லை. பள்ளி அலுவலகமும் நானும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழி, கல்யாணச் சான்று, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் கொடுத்து, ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, அது சரியாவதற்கு ஏழு மாதம் ஆனது. கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாற்றிய பெண்கள் 57 வயது வரை காத்திருக்காமல் இதை இன்றே பார்த்துவிடுங்கள். பணம் இருந்தும் கைக்கு வராமல் அலைந்த இரண்டு ஆசிரியைகளை எனக்குத் தெரியும்.

இப்போது எனக்கு 51. பி.எஃப்.இல் 11 லட்சம், பி.பி.எஃப்.இல் நாலரை, ஃபண்டில் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. 2027-இல் வீட்டுக் கடன் முடிகிறது. அந்தத் தவணைப் பணம் 11,500-ஐ அப்படியே சேமிப்புக்குத் திருப்பிவிட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். இப்படியே போனால் எனக்கு அறுபதாகும்போது அறுபது லட்சத்தை எட்டலாம். ஒன்றரைக் கோடி வராது. வீட்டுக்காரர் 65 வரை பட்டறையை ஓட்டுவார், ஒரு லேத்தோடு. நான் மாலையில் டியூஷன் எடுப்பேன். அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியிருக்காது என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

இந்த வருடம் மகள் கம்பெனி மாறினாள். பழைய இடத்து பி.எஃப். முப்பத்தெட்டாயிரம்தானே, எடுத்து ஒரு லேப்டாப் வாங்கிக்கொள்ளட்டுமா என்று போனில் கேட்டாள். அன்று ராத்திரியே வீடியோ காலில் உட்கார வைத்து, ஒவ்வொரு பக்கமாக அழுத்தச் சொல்லி, புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்ற விண்ணப்பிக்க வைத்தேன். போன வாரம் பணம் மாறிவிட்டதாக அவளுக்கு எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள்.